சின்ன ஆமை ஒண்ணு வேணும்!



"ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாது" என்பது எங்க பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி. அமீனா என்றால் கோர்ட் உத்தரவோடு வந்து ஜப்தி செய்கிறவர். பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள் இதற்குப் புது விளக்கம் கொடுப்பார்கள். அது நிஜ ஆமை இல்லையாம், பொறாமை, கல்லாமை, முயலாமை என்கிற ஆமைகளாம். பாட்டியிடம் இதெல்லாம் செல்லாது. ஆனால் அதே வீட்டு ஷோகேஸில் வாஸ்துவுக்காக வாங்கிய கண்ணாடி ஆமை ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், "அதுக்கு உசுரு இல்லையேப்பா" என்று பதில் வரும். :)

சரி, விஷயத்துக்கு வருவோம். சிவகாசியில் இருக்கும் சித்தி மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த காசைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருக்கிறான். (பட்டாசு ஊர்ப் பையன், வெடி வாங்கக் காசு தேவைப்படாது!) நான் விருதுநகரில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. அதனால் குடும்பத்தில் நாய்க்கடி முதல் பல்லி விழும் பலன் வரை எல்லாச் சந்தேகமும் என்னிடம்தான் வரும். போன மாதம் போனில் கேட்டான்: "அண்ணே, வீட்டுல வளர்க்க ஒரு ஆமை வேணும். பெரிசாகாம, சின்னதாவே இருக்கிற மாதிரி எது இருக்கு?"

நல்ல கேள்வி. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். வரிசையாகப் பார்க்கலாம்.

1. சிவப்புக் காது ஆமை

மீன் தொட்டிக் கடைகளில் பச்சைப் பசேலென்று, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு நீந்துமே, அதுதான். ஆங்கிலப் பெயர் ரெட் இயர்டு ஸ்லைடர். சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. கடையில் பார்க்கும்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசாக இருக்கும். "இது இவ்வளவுதான் வளரும்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. நம்பாதீர்கள். பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 செ.மீ. வரை வளரும். ஆண் கொஞ்சம் சின்னது. ஆனால் குட்டியாக இருக்கும்போது எது ஆண், எது பெண் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆயுள் 20, 30 வருடம். இன்று 13 வயதில் வாங்கினால், தம்பிக்கு 43 வயதாகும்போதும் அதுக்குத் தீனி போட வேண்டியிருக்கலாம்.

அடுத்து தண்ணீர்க் கணக்கு. ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்குப் பத்து காலன் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் பொதுவான அளவு. 10 அங்குல ஆமைக்கு 100 காலன், அதாவது சுமார் 380 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால் 25 குடம்! ஆமை சாப்பிடுகிற தொட்டியிலேயே கழிவும் போகும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினாலும் 12 குடம் ஆகிறது. சித்தி வீட்டுத் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். சித்தப்பா அச்சாபீஸ் வேலை, சித்தி தீப்பெட்டி ஆபீஸ் வேலை. அந்த 12 குடத்தை யார் தூக்குவார்கள்? தம்பி நாலு நாள் தூக்குவான். அப்புறம் சித்திதான்.

இன்னொரு விஷயம் என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும். சின்னக் குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. ஆமைகளால் குழந்தைகளுக்கு இந்த நோய் நிறைய வந்ததால்தான் அமெரிக்காவில் 1975-ல் நான்கு அங்குலத்துக்கும் குறைவான ஓடு உள்ள ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். சின்ன ஆமை என்றால் குழந்தை அப்படியே வாயில் வைத்துவிடும் இல்லையா? தம்பிக்கு இரண்டு வயதில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். கையில் கிடைப்பதெல்லாம் அவளுக்கு வாயில்தான்.

2. நட்சத்திர ஆமை

மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரிந்த மேடு மேடான ஓடு. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நம்ம ஊர் மாதிரி வறண்ட புதர்க்காட்டில் வாழும் தரை ஆமை இது. நீந்தத் தெரியாது. இது தெரியாமல் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுச் சாகடித்தவர்களும் உண்டு. அதிர்ஷ்டம் வரும் என்று நினைத்து வாங்குவதால் இதைப் பிடித்துக் கடத்துவது பெரிய தொழிலாகவே நடக்கிறது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பெட்டிக்குள் ஆமை பிடிபட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

2019-ல் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு இது போனது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து, புலியைப் போலவே இதுவும் முதல் அட்டவணையில் இருக்கிறது. மாட்டினால் மூன்று முதல் ஏழு வருடம் ஜெயில், அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். ஆக, இந்த ஆமை புகுந்த வீட்டுக்கு அமீனா இல்லை, வனத்துறையே நேரில் வரும். பாட்டி சொன்னது சரிதான் போல!

3. கண்மாய் ஆமை

மழை பெய்து கண்மாய் நிரம்பினால் கண்ணில் படுமே, காலை மூடிக்கொள்ள அடியில் தோல் மடிப்பு உள்ள ஆமை. சிலர் பாலாமை என்பார்கள். கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழை வரை தூங்கும். நம்ம மாவட்டத்து வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி கிடையாது. ஆனால் இதுவும் முதல் அட்டவணைதான். "நாங்க சின்ன வயசுல பிடிச்சு விளையாடினோமே" என்று மாமாக்கள் சொல்வார்கள். இப்போது அது குற்றம்.

4. வெளிநாட்டுக் குட்டை ஆமைகள்

உலகிலேயே சின்ன தரை ஆமை தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. மிஞ்சிப் போனால் 10 செ.மீ. அழிந்துவரும் இனம். அடைத்து வைத்தால் அதன் காட்டுத் தீனி கிடைக்காமல் செத்துவிடும். அமெரிக்காவில் மஸ்க் ஆமை என்று ஒன்று, 14 செ.மீ.க்கு மேல் போகாது. பயந்தால் நாற்றமடிக்கும் திரவத்தை விடும். தம்பி தேடியதற்கு ரொம்பப் பக்கத்தில் வருவது இதுதான். ஆனால் நம்ம ஊரில் முறையான ரசீதோடு யார் விற்கிறார்கள்? சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் வைத்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதியே வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பையன் தலையில் இதையெல்லாம் கட்ட முடியுமா?

5. பிரம்பு ஆமை

இதை நான் தேடவில்லை, படிக்கும்போது தானாக வந்து மாட்டியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் ஒரு குட்டி ஆமை இருக்கிறது. 13 செ.மீ. அளவு, மஞ்சள் முகம், மூக்கில் சிவப்புப் புள்ளி. 1912-ல் ஹெண்டர்சன் என்பவர் விவரித்து எழுதினார். அதன் பிறகு ஆளையே காணோம். 1982-ல் கேரளாவின் சாலக்குடிக் காட்டில் இதை மறுபடி தேடிப் பிடித்தவர் ஜெ. விஜயா. இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று சொல்லப்படுபவர். சென்னையில் கல்லூரியில் படிக்கும்போதே பாம்புப் பண்ணைக்குப் போய் உதவி செய்ய ஆரம்பித்தவர். 1987-ல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். 2006-ல் அந்த ஆமைக்கு விஜயசெலிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

என் வயதில் ஒரு பெண் இந்த ஆமைக்காகக் காட்டுக்குள் குகையில் தங்கி ஆராய்ச்சி செய்திருக்கிறார். அதைப் படித்த பிறகு "எந்தக் கடையில் என்ன விலை" என்று தேடுகிற மூடே எனக்குப் போய்விட்டது.

தம்பிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு, ஆமை வேண்டாம். முகம் தொங்கிப்போச்சு. மழைக்கு அப்புறம் கண்மாய்க்குக் கூட்டிப்போய்ப் பாலாமை காட்டுவதாகவும், மே மாதம் மாமல்லபுரம் பக்கத்து முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போவதாகவும் பேசியிருக்கிறேன். அங்கே முதலையோடு ஆமைகளும் இருக்கின்றன. காசு இன்னும் உண்டியலில்தான் இருக்கிறது. பைனாகுலர் என்ன விலை என்று நேற்று கேட்டான்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஏற்கெனவே சிவப்புக் காது ஆமை வளர்த்தால் ஒரு வேண்டுகோள். பெரிசாகிவிட்டது என்று தெப்பக்குளத்திலோ கண்மாயிலோ விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. கேரளாவில் திருச்சூர் பக்கம் நீர்நிலைகளில் இது கிடைத்திருக்கிறது. நம்ம பாலாமையின் இரையையும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். வாங்கியாச்சு என்றால் அதன் ஆயுள் வரை தண்ணீர் சுமக்கத்தான் வேண்டும்.

பி.கு: ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கண்ணாடி ஆமைக்கு இந்த விதி பொருந்தாது, தூசி மட்டும் தட்டினால் போதும். :)