பழுதான வன்தட்டும் மீட்பு மென்பொருளும்

சுழலும் வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தவுடன் அது மறைந்துவிடுவதில்லை. அது இருந்த இடம் ‘காலி’ என்று மட்டுமே குறிக்கப்படுகிறது. புதிய தரவு அவ்விடத்தில் எழுதப்படும்வரை பழைய கோப்பு அங்கேயே இருக்கும். எனவே, மறைந்த பாட்டியின் குரல்பதிவைத் தேடும் குடும்பத்தினர், மீட்பு மென்பொருளை அதே தட்டில் நிறுவினால், அந்தக் குரலையே அழித்துவிடக்கூடும். மென்பொருளை வேறொரு தட்டில்தான் நிறுவ வேண்டும்.

எந்த மென்பொருள் ஏற்றது என்பதைப் பழுதின் தன்மையே முடிவு செய்கிறது. தட்டின் ஒரு பிரிவு முழுவதும் காணாமற்போனால், ‘டெஸ்ட்டிஸ்க்’ உதவும். கோப்புகளின் பட்டியல் சிதைந்திருந்தால், ‘ஃபோட்டோரெக்’ ஒவ்வொரு கோப்பின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு அதைக் கண்டெடுக்கும். ஆனால், பழைய கோப்புப்பெயர்கள் பெரும்பாலும் கிடைக்கமாட்டா. தட்டின் சில பகுதிகளைப் படிக்க இயலாதபோது, ‘டிடிரெஸ்கியூ’ நல்ல பகுதிகளை முதலில் நகலெடுக்கும். பழுதான பகுதிகளைப் பின்னர் முயலும். இம்மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன.

தட்டிலிருந்து ‘டக் டக்’ என்ற ஒலி கேட்டால், மென்பொருளை நாடக்கூடாது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வல்லுநரிடம் கொடுப்பதே சிறப்பு.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். அரிய கோப்புகளுக்கு இன்றே இன்னொரு நகல் எடுத்து வைப்பவருக்கு இந்தத் தேடலே தேவைப்படாது.