மாமியார் பெயருக்கு மாறிய வீடு

முதியோர் பராமரிப்பு பற்றி ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. வடக்கு பெங்களூரில் ஒரு வீடு. மருமகளைக் காலி செய்யச் சொல்லி மாமனாரும் மாமியாரும் அசிஸ்டென்ட் கமிஷனரிடம் மனு போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போனது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மகன் சோறு போடாத தாய் வாய்தாவுக்கு மேல் வாய்தா என்று அலையக் கூடாது என்பதற்காக வருவாய்த்துறை அதிகாரியே தீர்ப்பாயமாக இருந்து சுருக்கமாக விசாரிக்கிறார்; வக்கீல் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது 17ஆம் பிரிவு. ஜீவனாம்சமோ மாதம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பெங்களூரில் அது எந்த மூலைக்கு? அதனால்தான் பெரியவர்கள் வீட்டையே கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவசர விசாரணையில் பத்திரத்தில் யார் பெயர் என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது.

இந்த வீட்டின் பத்திரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2002இல், கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பு, மகன் தன் பெயரில் வாங்குகிறார். 2006இல் வாங்கிய விலைக்கே அப்பாவுக்குக் கிரயம் செய்கிறார். 2009இல் விவாகரத்து வழக்கு. 2010இல் அப்பா அதை அம்மாவுக்குத் தானமாக எழுதுகிறார். முதியோர் மனு அதற்கும் பிறகு.

அசிஸ்டென்ட் கமிஷனர் வெளியேறச் சொன்னார். டெபுடி கமிஷனரும் அதையே சொன்னார். வீடு மாமியாருடையது, தங்க இடம் வேண்டுமென்றால் கணவரிடம் கேட்கட்டும் என்றது கர்நாடக உயர் நீதிமன்றம். பிரிந்துபோன கணவரிடம் கேட்டு இரவு எங்கே படுப்பது? முதியவர்களுக்கான சட்டத்தைத் தம்பதி சண்டைக்குக் கருவியாக்கினால், உண்மையிலேயே கைவிடப்பட்ட பெரியவர்கள் வரும்போதும் அதிகாரிக்குச் சந்தேகம் வரும் என்பதுதான் என் பெரிய வருத்தம்.

2020 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. முதியவரின் பாதுகாப்புக்குத் தேவையென்றால் தீர்ப்பாயம் ஒருவரை வெளியேற்றலாம். ஆனால் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பெண்ணுக்குத் தந்திருக்கும் குடியிருக்கும் உரிமையை அதனால் அழிக்க முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்றது. குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மருமகள் பரிகாரம் தேடிக்கொள்ள, ஓராண்டுக்கு அவரை வெளியேற்றவும் கூடாது, வீட்டை விற்கவும் கூடாது என்று உத்தரவிட்டது.