போகிற வண்டியில் ஏறி வந்த பொருட்கள்

மதுரை ஆரப்பாளையத்தில் கிளம்பும் குமுளி வண்டி உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று வந்து, கம்பத்தில் கொஞ்ச நேரம் நின்று, கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பில் மலையேறும். அந்த வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில், பானெட்டின் மேல், எப்போதும் நாலைந்து பொட்டலங்கள் இருக்கும். செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, ஊர் பெயரையும் கடைப் பெயரையும் பேனாவால் எழுதியிருப்பார்கள். பம்ப் செட்டுக்கு வாசர், மிக்சி ஜாருக்குக் கப்ளர், கடிகாரத்துக்கு முள், உள்ளூர் மருந்துக்கடையில் இல்லாத ஒரு பட்டை மாத்திரை. கம்பம் பள்ளத்தாக்கின் சின்னத் தேவைகளெல்லாம் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுத் தையல் மிஷினின் பாபின் கேஸ் போய்விட்டால், அப்பா மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போடுவார். கடைப் பையன் சைக்கிளில் ஆரப்பாளையம் போய், "அண்ணே, உத்தமபாளையம் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிருவாக, குடுத்துருங்கண்ணே" என்று கண்டக்டரிடம் கொடுத்து, வண்டி நம்பரைச் சொல்லிவிடுவான். மூன்று மணி நேரம் கழித்து நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். கண்டக்டர் கையில் டீக்காசு கொடுப்போம். சிலர் அதையும் வாங்க மாட்டார்கள். "இதுக்கு என்னத்தடா தம்பி, வண்டி சும்மாதானே வருது" என்பார்கள்.

எனக்கு இன்றும் மிகச் சரியாகப் படுவது அந்தக் கணக்குதான். வண்டி எப்படியும் வருகிறது. பானெட்டின் மேல் இடம் இருக்கிறது. ஒரு பாபின் கேஸ் ஏறுவதால் கூடுதலாக ஒரு சொட்டு டீசல் செலவாகாது.

இப்போது அதே பாபின் கேஸை போனில் தேடினால் விலை அறுபது ரூபாய், அனுப்பும் செலவு எண்பது ரூபாய் என்று வருகிறது. ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் அனுப்புவது இலவசம் என்கிறார்கள். அறுபது ரூபாய்க்காரனுக்கு மீதி நானூற்று நாற்பதுக்கு என்ன தேவை இருக்கிறது? அக்கா ஒருமுறை அப்படிக் கணக்கை நிரப்ப வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள் பரணில் பிரிக்காமலே கிடக்கின்றன. தையல் வேலை செய்து வாரக்கூலி எண்ணுகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்படி ஆனதற்குக் காரணம் யாரோ ஒருவருடைய பேராசை மட்டுமல்ல. கூரியரில் பெரும்பாலும் அரைக் கிலோவிலிருந்துதான் கட்டணம் தொடங்குகிறது. இருபது கிராம் இரும்பும் அரைக் கிலோவாகவே எண்ணப்படும். அட்டைப்பெட்டி பெரிதாகிவிட்டால் எடைக்குப் பதில் கன அளவைப் பார்ப்பார்கள்: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்து வருவதை எடையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்றுக்கும் காசு. அதோடு ஒரு லேபிள், ஒரு கிடங்கு, வாசல் வரை வர ஒரு பைக், ஒரு ஆள். ஒவ்வொரு சின்னப் பொருளும் தனக்கென்று ஒரு பயணத்தை ஏற்படுத்திக்கொண்டு வருகிறது.

பஸ்ஸை விட்டால், பள்ளத்தாக்குக்கு இன்னொரு கருணை தபாலில் இருந்தது. 1854 அக்டோபரில் இந்தியத் தபால் கட்டணத்தை ஒரே சீராக்கியபோது, கால் தோலா எடைக் கடிதத்துக்கு அரையணா என்று வைத்தார்கள். பக்கத்துத் தெருவானாலும் கல்கத்தாவானாலும் அதே அரையணா. மலையடிவாரத்தில் பிறந்ததற்காக யாரும் அதிகம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அதற்குப் பொருள். அந்த நியாயம் புத்தகத்துக்கும் நீண்டது. இரண்டு முனையும் திறந்திருக்கும் பழுப்பு உறையில், மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதி, சிற்றிதழ்களும் கவிதைப் புத்தகங்களும் கம்பத்துக்கும் போடிக்கும் வந்தன. சென்னைக்கே போகாமல் தமிழில் என்ன எழுதப்படுகிறது என்று தெரிந்துகொண்ட ஒரு தலைமுறை இங்கே உண்டு. நான் அதில் ஒருவன். தபால்காரர் வாசலில் நின்று, "ஒனக்குப் பொஸ்தகம் வந்துருக்கு" என்று சொல்லும்போது, உறையின் திறந்த முனையில் அட்டைப்படத்தின் ஓரம் தெரியும். பிரிக்கும் முன்பே அது என்ன புத்தகம் என்று ஊகித்துவிடுவேன்.

பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பர் 18-இல் நின்றுபோனது, சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சற்று முன்பு. ஐந்து கிலோ புத்தகம் 80 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பதிவு பார்சலில் அதற்கே 229 ரூபாய் ஆனது. பதிப்பாளர்கள் கேட்டுப் போராடினார்கள். 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' வந்தது: 300 கிராமுக்கு 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பாடநூலுக்கும் சமூக, பண்பாட்டு, சமயப் புத்தகங்களுக்கும் அதில் இடம் உண்டு. வணிக வெளியீடுகளுக்கு இல்லை. வந்தவரைக்கும் நல்லதென்று மனதார வரவேற்கிறேன். அதே ஆண்டு பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்தார்கள். ஐம்பது கிராமுக்கு உட்பட்ட உறைக்கு இப்போது உள்ளூரில் 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். எடை அதைத் தாண்டினால் தூரத்துக்கேற்ப ஏறும். அரையணாக் காலத்தில் கணக்கிலிருந்து எடுத்த தூரத்தை மறுபடி உள்ளே கொண்டுவந்துவிட்டோம். எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது அதுதான். அவசரமே இல்லாதவன் மெதுவாக, மலிவாக அனுப்ப ஒரு வழி வேண்டாமா?

மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. அங்கே தங்கி வேலை பார்ப்பவர்களுக்குச் செருப்பு, சார்ஜர், பேத்தியின் பள்ளி நோட்டு என்று கீழிருந்து கொடுத்துவிடுகிறார்கள். டிரைவருக்குத் தோட்டமும் தெரியும், ஆளும் தெரியும்.

பஸ்ஸில் அது ஏறக்குறைய நின்றுவிட்டது. கேட்பாரற்ற பொட்டலம் என்றால் கண்டக்டருக்குப் பயம். அது நியாயமான பயம்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் 2022 ஆகஸ்டில் தன் வண்டிகளின் சரக்குப் பெட்டியை வாடகைக்கு விடத் தொடங்கியது. ஆனால் அது அன்றாடம் மூட்டை அனுப்பும் வியாபாரிக்கான ஏற்பாடு. ஆரப்பாளையத்தில் ஒரு ஜன்னல், தேனியிலும் கம்பத்திலும் ஒவ்வொன்று, கால் கிலோவுக்குள் எதுவானாலும் பத்து ரூபாய், திறந்து காட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தால் கண்டக்டரின் பயமும் தீரும், கழகத்துக்கும் வருமானம். குமுளி வண்டிகள் இன்றைக்கும் இரவு பகலாக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.