அமாவாசைப் பேருந்தும் ஹங்கேரிய முறையும்

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தைக் காணப் பல ஊர்களிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வருகின்றன. எந்த வண்டியை எந்த ஊருக்கு விடுவது? இதைத்தான் கணிதத்தில் ஒதுக்கீட்டுக் கணக்கு என்கிறோம். 10 வண்டிகளை 10 ஊர்களுக்குப் பிரித்தனுப்ப 36,28,800 வழிகள் உண்டு!

சிறு கணக்கொன்று பார்ப்போம். காலியாக நிற்கும் முதல் வண்டிக்குச் செஞ்சி 20 கிலோமீட்டர், திருவண்ணாமலை 30. இரண்டாவதற்கு முறையே 40, 75. ‘அருகில் இருப்பதை முதலில் அனுப்பு’ என்றால் 20-உம் 75-உம் சேர்ந்து 95. மாற்றி அனுப்பினாலோ 70தான். முதல் வண்டி தன் வசதியைச் சற்றே விட்டுக்கொடுத்ததால் 25 கிலோமீட்டர் மிச்சம்.

ஒவ்வொரு வரிசையிலும், பிறகு ஒவ்வொரு நிரலிலும் மிகச் சிறிய எண்ணைக் கழித்து, எஞ்சும் பூச்சியங்களைக் கொண்டு விடை காண்பது ஹங்கேரிய முறை. 1955-இல் இதை வெளியிட்ட அமெரிக்கர் ஹெரால்டு கூன், கோனிக், எகெர்வாரி என்னும் ஹங்கேரியர் இருவரின் பணியைப் போற்றி அப்பெயரிட்டார். 1851-இல் மறைந்த ஜெர்மானிய மேதை யாக்கோபி இதை முன்னரே கண்டிருந்தார் என்பது 2006-இல்தான் தெரிய வந்தது.

ஆனால் மொத்தம் குறைந்தால் மட்டும் போதுமா? மொத்தத்தைக் குறைக்கும் விடை சில வேளை ஏதோ ஓர் ஊராரை நெடுநேரம் காக்க வைத்துவிடும். மிக அதிகமான காத்திருப்பையே குறைக்கும் கணக்கும் உண்டு. எதைக் குறைக்க வேண்டும் என்பதைக் கணிதம் சொல்லாது. கைக்குழந்தையோடு நள்ளிரவில் நிற்கும் தாயை நினைத்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.