செம்மண் சாலை – 4: குன்றைத் தின்ற ஊர்

வென்ட்வொர்த்தில் மர்ரே ஆறும் டார்லிங் ஆறும் கூடுவதைப் போன வாரம் பார்த்தோம். அங்கிருந்து வடக்கே திரும்பியதும் திராட்சைத் தோட்டம், ஆரஞ்சு மரம், வாய்க்கால் எல்லாம் சட்டென்று நின்றுபோகின்றன. சில்வர் சிட்டி நெடுஞ்சாலையில் முழங்கால் உயரச் சாம்பல் புதர்களும் செம்மண்ணும்தான் துணை. பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க், அதை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. அவ்வப்போது ஈமு கூட்டம் ஒன்று வேலி ஓரமாகக் காரோடு ஓட்டப்பந்தயம் வைக்கும். "ஊர் எப்ப வரும் மாப்பிள்ளை?" என்று நான் கேட்பதும், "வரும் மச்சான்" என்று வண்டி ஓட்டும் என் தங்கை கணவர் சொல்வதுமாக மத்தியானம் ஆகிவிட்டது.

கடைசியில் ஊருக்கு முன்னால் தெரிந்தது ஒரு கருத்த மேடு. புரோக்கன் ஹில்லுக்குப் பெயர் கொடுத்த குன்று இது அல்ல. அந்தக் குன்றை எப்போதோ வெட்டி, அரைத்து, உருக்கி, விற்றுவிட்டார்கள். நாம் பார்ப்பது விற்றது போக மிஞ்சிய கழிவு. ஊரின் நட்டநடுவே, கடைத்தெருவின் முதுகுக்குப் பின்னால், கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கிறது.

சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்கள் இந்த ஊரைச் சினிமா எடுத்த இடம், ஓவியர்களின் இடம், சூரிய அஸ்தமனத்தின் இடம் என்று விற்கின்றன. எல்லாம் உண்மைதான். ஆனாலும் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் கழிவு மேட்டின் மேல் ஏறுங்கள். மற்றதெல்லாம் அங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

கதை 1883இல் தொடங்குகிறது. வில்யாகாலி பழங்குடியினரின் நிலத்தில் வெள்ளையர்கள் ஆட்டுப்பண்ணைகள் போட்டிருந்த காலம். மவுண்ட் கிப்ஸ் பண்ணையில் வேலி காத்துக் குதிரையில் சுற்றிக்கொண்டிருந்த சார்லஸ் ராஸ்ப் என்பவர், அந்தக் குன்றில் கருப்பாகத் துருத்தி நின்ற பாறைகளை வெள்ளீயம் என்று நினைத்தார். பண்ணை மேலாளரையும் சேர்த்து ஏழு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். கிடைத்தது வெள்ளீயம் அல்ல. வெள்ளி, ஈயம், துத்தநாகம் மூன்றும் கலந்த தாது. பூமராங் மாதிரி வளைந்து, ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமாக, உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. 1885இல் அவர்கள் தொடங்கிய புரோக்கன் ஹில் புரொப்ரைட்டரி கம்பெனிதான், இன்று உலகச் சுரங்க நிறுவனங்களின் முதல் வரிசையில் நிற்கும் பி.எச்.பி. பெயரில் ஊரைச் சுமந்துகொண்டே 1939இல் அது ஊரை விட்டுப் போய்விட்டது. மற்ற கம்பெனிகள் தங்கின. இன்றும் தாது வெட்டுகிறார்கள்.

மேட்டின் உச்சியில் 2001இல் திறந்த சுரங்கத் தொழிலாளர் நினைவகம் இருக்கிறது. துருப்பிடித்த இரும்புத் தகடுகளைச் சாய்வாக நிறுத்தி, நடுவே ஆள் நடக்க ஒரு பாதை. உள்ளே சுவர் நெடுகப் பெயர்கள், எண்ணூறுக்கும் மேல். போர் நினைவுச் சின்னங்களில் பெயரைப் பார்த்திருப்போம், தேதியைப் பார்த்திருப்போம். இங்கே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயதும், எப்படிச் செத்தார் என்பதும் எழுதியிருக்கிறது. பாறை சரிந்தது, குழிக்குள் விழுந்தார், வெடி வெடித்தது, ஈய நஞ்சு. அலங்காரம் இல்லை, 'வீரமரணம்' இல்லை. இருபது வயதைத் தொடாத பையன்களும் உண்டு. ஆண்டுவாரியாகப் படித்துக்கொண்டே நடந்தால், ஆரம்ப ஆண்டுகள் சீக்கிரத்தில் முடிய மாட்டேன் என்கின்றன; நம் காலத்தை நெருங்க நெருங்கப் பட்டியல் மெலிகிறது. அது தானாக மெலியவில்லை.

மெலிந்த விதத்தைத் தெரிந்துகொள்ள மேட்டிலிருந்து இறங்கி சல்பைடு தெருவுக்குப் போக வேண்டும். (இந்த ஊரில் தெருப்பெயர் வைத்தவர் பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் போல. ஆர்ஜென்ட், குளோரைடு, ஆக்ஸைடு, புரோமைடு, அயோடைடு, கோபால்ட் என்று போகிறது வரிசை.) அங்கே ட்ரேட்ஸ் ஹால் என்ற தொழிற்சங்க மாளிகை. தகரம் வேய்ந்த குட்டி வீடுகளில் குடியிருந்த தொழிலாளிகள் தங்கள் சந்தாப் பணத்தில் கட்டிக்கொண்டது. வெளியே ஒரு குட்டி அரண்மனை. உள்ளே வண்ணம் தீட்டிய கூரை, தேங்கிய அமைதி, பழைய சங்கக் கொடிகள்.

1892இலும் 1909இலும் இங்கே பெரிய போராட்டங்கள் நடந்தன. 1919இல் தொடங்கியது பதினெட்டு மாதம் நீண்டது. முடிவில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு வாரம் 35 மணி நேரம் வேலை என்று தீர்ப்பானது. தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு நஷ்டஈடும் வந்தது. ஆண்டு 1920 என்பதை மறந்துவிடாதீர்கள். உலகத்தில் பாதிப் பேர் எட்டு மணி நேர வேலைக்கே ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு ஊரையே ஆண்டவை சங்கங்கள்தான். அந்த ஆட்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. கல்யாணமான பெண்கள் பெரும்பாலான வேலைகளுக்குப் போகக் கூடாது என்பதும் சங்கம் போட்ட விதிதான். சம்பளம் வீட்டுக்கு ஒன்று போதும் என்பது கணக்கு. மாளிகையின் அழகைப் பார்த்துவிட்டு வரும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

கழிவு மேட்டைப் பற்றி இன்னொரு சேதி. ஆரம்பத்தில் வெள்ளியையும் ஈயத்தையும் எடுத்துக்கொண்டு துத்தநாகத்தைப் பிரிக்கத் தெரியாமல் கொட்டி வைத்தார்கள். 1900களின் தொடக்கத்தில் இங்கேயே ஒரு வழி பிடிபட்டது. தாதுவை மாவாக அரைத்து நீரில் கலந்து குமிழி கிளப்பினால், உலோகச் சத்துள்ள துகள்கள் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே நுரையாக வரும். வெறும் கல் கீழே தங்கும். குப்பை என்று கொட்டியது ஒரே வீச்சில் சொத்தானது. இன்று உலகெங்கும் செம்பும் துத்தநாகமும் பிரிக்கும் ஆலைகளில் நடப்பது இந்த நுரை வித்தையின் வளர்ந்த வடிவம்தான்.

மாப்பிள்ளையின் கைபேசி நேரத்துக்கும் நாங்கள் சாப்பிடப் போன உணவகத்தின் சுவர்க்கடிகாரத்துக்கும் அரை மணி வித்தியாசம் இருந்தது. புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருந்தாலும் ஓடுவது அடிலெய்டு நேரத்தில். சிட்னி 1,100 கிலோமீட்டருக்கும் அப்பால், அடிலெய்டு 500தான். தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத் தெற்கு ஆஸ்திரேலியா ரயில் பாதை போட்டுக்கொண்டு வந்தது. எல்லைக்குள் நுழைய நியூ சவுத் வேல்ஸ் விடவில்லை, தானும் போடவில்லை. அதனால் 1888இல் ஒரு தனியார் கம்பெனி எல்லை வரை சொந்தமாகப் பாதை போட்டுக் கொள்ளை லாபம் பார்த்தது. சிட்னியிலிருந்து ரயில் வந்து சேர 1927 ஆனது. அதற்குள் ஊரின் உறவு, சந்தை, கடிகாரம் எல்லாம் மேற்குப் பக்கம் சாய்ந்துவிட்டன. அந்தத் தனியார் கம்பெனியின் பழைய ரயில் நிலையம் இப்போது அருங்காட்சியகம்.

ரயிலுக்கு முன்னும், ரயில் போகாத இடங்களுக்கும் சுமை இழுத்தவை ஒட்டகங்கள். அவற்றோடு வந்தவர்கள் பெஷாவர், பலுசிஸ்தான், பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பக்கத்து ஆட்கள். எல்லோரையும் சேர்த்து 'ஆப்கன்' என்றே வெள்ளையர்கள் அழைத்தார்கள். ஊரின் வடக்கு ஓரத்தில் அவர்களுடைய ஒட்டகக் கொட்டடி இருந்த இடத்தில் ஒரு பள்ளிவாசல் நிற்கிறது. மினாரும் குவிமாடமும் கிடையாது. சிவப்பு பூசிய நெளிதகரத்தில் ஒரு சின்ன அறை, கை கால் கழுவ ஒரு தொட்டி, அவ்வளவுதான். ஊர் வரலாற்றுச் சங்கம் பராமரிக்கிறது.

அங்கிருந்து தவிர்க்க முடியாமல் 1915 ஜனவரி 1க்கு வர வேண்டியிருக்கிறது. புத்தாண்டுச் சுற்றுலாவுக்கு சில்வர்டன் நோக்கி, ஏறக்குறைய 1,200 பேரைத் தாது வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் புறப்பட்டது. வழியில் ஓர் ஐஸ்கிரீம் வண்டி, அதன் மேல் துருக்கிக் கொடி. அதன் மறைவிலிருந்து இருவர் சுட்டார்கள். ஒருவர் ஐஸ்கிரீம் விற்ற குல் முகமது. மற்றவர் ஒட்டகக்காரர்களுக்குத் தொழுகை நடத்திய, ஆடு அறுத்துக்கொடுத்த முல்லா அப்துல்லா. அனுமதியில்லாமல் ஆடு அறுத்ததற்கு அப்துல்லாவுக்குச் சில நாள் முன்புதான் அபராதம் விழுந்திருந்தது. துருக்கி சுல்தான் பிரிட்டனுக்கு எதிராகப் போர் அறிவித்திருந்த நேரம். நான்கு பேர் செத்தார்கள். பிறகு நடந்த துப்பாக்கிச் சண்டையில் இருவரும் செத்தார்கள். அன்று இரவு கூட்டம் போய் எரித்தது ஜெர்மானியர் மன்றத்தை! ஒட்டகக் கொட்டடிப் பக்கமும் திரும்பியவர்களைக் காவலர்கள் தடுத்தார்கள். ரயில் பாதையோரம் ஐஸ்கிரீம் வண்டியின் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். எதிரே நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, எடுத்துக்கொள்பவர்கள் இருந்தார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் பறக்கும் மருத்துவர் சேவையின் காட்சியகம் நிச்சயம் பார்க்க வேண்டியது. அங்கே என்னைக் கட்டிப்போட்டது விமானம் அல்ல, ஒரு மருந்துப் பெட்டி. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். நூறு மைல் தள்ளிப் பண்ணையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் ரேடியோவில் கூப்பிடுவாள். டாக்டர் இத்தனையாம் எண் மருந்தில் இத்தனை மாத்திரை என்பார். மருந்தின் பெயரை யாரும் உச்சரிக்க வேண்டியதே இல்லை. ஆரம்ப கால ரேடியோவுக்கு மின்சாரம் காலால் பெடல் மிதித்துத்தான்.

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓவியரான புரோ ஹார்ட்டின் கூடத்தில் படங்களோடு அவர் சேர்த்த ரோல்ஸ் ராய்ஸ் கார்களும் நிற்கின்றன. பீரங்கியில் வண்ணத்தை அடைத்துச் சுட்டு ஓவியம் தீட்டியவர். எனக்கு அவருடைய சுரங்கப் படங்கள் பிடித்தன; பீரங்கிப் படங்கள் பீரங்கிக்குப் பிடித்திருக்கும். ஆர்ஜென்ட் தெருவின் பேலஸ் ஹோட்டல் 1889இல் மதுவிலக்குக்காரர்கள் காபி மாளிகையாகத் தொடங்கியது. சுரங்கத்திலிருந்து ஏறி வந்த மனுஷனுக்குக் காபி போதவில்லை. மூன்றே ஆண்டில் மது உரிமம் வாங்கிவிட்டார்கள். சுவரிலும் கூரையிலும் இண்டு இடுக்கு விடாமல் ஓவியம். 1994இல் வந்த 'பிரிசில்லா' படத்தை இங்கேயும் எடுத்ததால் அதன் ரசிகர்கள் இன்றும் மாடிப்படியில் வரிசை கட்டுகிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல், 1993இல் பல நாட்டுச் சிற்பிகள் கூடிச் செதுக்கிய பன்னிரண்டு மணற்கல் சிற்பங்கள். சாயங்காலம் போனால் கூட்டத்தில் சிற்பம் தெரியாது, காலையில் போங்கள். 25 கிலோமீட்டர் தள்ளி சில்வர்டன். ஐம்பது பேரளவே இருக்கும் ஊர், தெருவில் கழுதைகள், 'மேட் மேக்ஸ் 2' படத்துக்கென்று ஒரு காட்சியகம். படம் பார்க்காதவர்கள் கழுதைகளோடு திருப்திப்படலாம்.

கிளம்பும் காலையில் ஊரைச் சுற்றியுள்ள வேலியைக் கவனித்தோம். சுரங்கத்துக்கும் அடுப்புக்கும் மரத்தை வெட்டி, மிச்சத்தை ஆடும் முயலும் மேய்ந்து, 1930களில் புரோக்கன் ஹில் புழுதிப் புயலில் புதைந்துகொண்டிருந்தது. சுரங்கத்தில் உலோகம் சோதிக்கும் வேலையில் இருந்த ஆல்பர்ட் மாரிஸ் என்ற தாவரப் பித்தர் சொன்னது எளிய யோசனை. வேலி போட்டு ஆட்டையும் முயலையும் வெளியே நிறுத்துங்கள், மண்ணில் இருக்கும் விதை தானே முளைக்கும். 1936இல் சுரங்கக் கம்பெனி ஒன்று செலவை ஏற்றது. மழை பெய்தது, முளைத்தது. 1939இல் மாரிஸ் இறந்தார். பசுமை வளையம் ஊரைச் சுற்றி வளர்ந்தது. ஈயத்தூசி மட்டும் முழுதாகப் போகவில்லை. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை இன்றும் அளக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் கை கழுவச் சொல்லிப் பழக்குகிறார்கள்.

டேங்கை நிரப்பிக்கொண்டு கிழக்கே வில்கானியா சாலையைப் பிடித்தோம், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஒயிட் கிளிஃப்ஸ். ஓபல் தோண்டிய குழிகளையே வீடாக்கி, வெயிலுக்குப் பயந்து தரைக்கடியில் குடித்தனம் நடத்துகிற ஊர். அடுத்த வாரம் அங்கேதான் ராத்தங்கல்.