வீரப்பாவின் சிரிப்பு

கடந்த வருடம் பாடசாலை விடுமுறையில் மகனையும் கூட்டிக்கொண்டு நயினாதீவுக்குப் போனேன். குறிகட்டுவான் துறையில் படகு ஏறும் வரைக்கும் அவன் கைபேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. படகு நகர்ந்து, இயந்திரச் சத்தம் காதை அடைத்த பிறகும் அந்தச் சத்தத்தை மீறிக்கொண்டு கைபேசிக்குள்ளிருந்து யாரோ அலறினார்கள். எட்டிப் பார்த்தேன். எஸ்.ஜே. சூர்யா. 2023இல் வந்த ‘மார்க் ஆண்டனி’. கண்ணை உருட்டுகிறார், கழுத்தை வெட்டுகிறார், ஒரு வசனத்தை முடிக்க ஊரையே கூட்டுகிறார்.

“ஓவர் அக்டிங்” என்றேன்.

“வேணுமெண்டுதான் வாப்பா அப்படிச் செய்றார். அதுதான் அதில உள்ள விசயம்” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இதே கடலில், இதே வாதத்தை நாற்பது வருடங்களுக்கு முன்னர் நான் என் மாமாவோடு செய்திருக்கிறேன். அன்றைக்கும் ‘ஓவர்’ என்று சொன்னவன் நான்தான். இரண்டு தலைமுறைக்கும் நடுவில் நான் ஒருவன் மட்டும் மாறாமல் நிற்பது படகு பாதி வழி போன பிறகுதான் உறைத்தது.

மாமா யாழ்ப்பாணம் சோனகத் தெருக்காரர். காப்பு, மணி, சாந்துப்பொட்டு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் வியாபாரம். ஆனி மாதத்தில் நாகபூஷணி அம்மன் கோயில் கொடியேறினால் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு நயினாதீவுக்குக் கிளம்பிவிடுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப் போனார். கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற சின்னத் தீவு அது. பகலில் காப்பு அடுக்குவேன். இரவில் படம்.

தீவில் தியேட்டர் இல்லை. வின்சருக்கோ ராஜாவுக்கோ போவதென்றால் கடலும் தாண்டி பஸ்ஸும் ஏற வேண்டும். ஆகவே டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் வைத்து, வளவில் விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். அன்றிரவு இரண்டாவது படம் ‘மகாதேவி’. 1957இல் வந்தது. எம்.ஜி.ஆர், சாவித்திரி, வில்லனாக பி.எஸ். வீரப்பா.

அந்தக் காட்சியை இப்போது நினைத்தால் எனக்குப் படம் வருவதில்லை, சத்தங்கள்தான் வருகின்றன. ஜெனரேட்டரின் இரைச்சல். பனை ஓலையில் கடற்காற்று. பிள்ளைகளின் அழுகை, கடலை விற்பவனின் கூவல். டீவிப் பெட்டியோ ஒரு சின்னப் பெட்டி. சாவித்திரி கண்கலங்கிப் பேசியது முன் பாயில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. எம்.ஜி.ஆரின் வசனம் பாதி காற்றோடு போனது. வீரப்பா சிரித்தார். வளவு முழுக்கக் கேட்டது. வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் கேட்டது. அவர்களில் ஒருவர் திருப்பிச் சிரித்தும் காட்டினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வயதில் நாங்கள் கமலின் படங்களைப் பார்த்து, இயல்பான நடிப்பு என்று ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்திருந்தோம். “இப்படி யாராவது சிரிப்பானா மாமா? ஒரு கொலைகாரன் தான் கொலைகாரன் எண்டு தண்டோரா போடுவானா?” என்று கேட்டேன்.

மாமா சுருட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்: “மருமகனே, அவன் சிரிக்கிறது சாவித்திரிக்கில்ல. அந்தா, வேலிக்கு அங்கால நிக்கிறானே, அவனுக்கு.”

வாதமாக எடுத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வீரப்பா மேடையிலிருந்து வந்தவர். ஒலிவாங்கி எட்டாத கடைசி வரிசைக்காரனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான் என்பது அந்தத் தலைமுறை நடிகர்களின் நெஞ்சுக்கூட்டில் பதிந்த பாடம். நம் பக்கத்துக் கூத்தில் ராஜா சபைக்கு வந்தவுடன் தான் இன்னார், தன் வீரம் இன்னது என்று தானே பாடி ஆடுகிறான். எந்த அரசன் தன்னைப் பற்றி இப்படிப் பாடுவான் என்று அண்ணாவியாரிடம் யாரும் போய்க் கேட்டதில்லை. கூத்துக் களரியில் அளவு வேறு. அந்த அளவுகோலைக் கொண்டுபோய் கமராவுக்கு ஓரடி முன்னால் வைத்தால் அது பயமுறுத்தும், அல்லது சிரிப்பூட்டும். வீரப்பாவிடம் இரண்டும் ஒன்றாக நடந்தன.

இன்னொன்றையும் நான் பின்னால்தான் கவனித்தேன். ‘மகாதேவி’யின் கருணாகரன், தன்னை வேண்டாமென்று சொன்ன ஒரு பெண்ணை மறக்க முடியாதவன். கிடைத்தால் கல்யாணம், இல்லையென்றால் சாவு என்று எதுகை மோனையோடு சபதம் செய்கிறவன். அவ்வளவு பெரிய அவமானத்தை மூட அவ்வளவு பெரிய சிரிப்புத் தேவைப்படுகிறது. அங்கே மிகை பொருந்துகிறது. 1958இல் வந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தில் அவருக்கு வாய்த்தது ஒரே ஒரு வரி: “சபாஷ், சரியான போட்டி.” அந்த இடத்தில் வில்லன் இல்லை, நம்மோடு வந்து உட்கார்ந்த ஒரு ரசிகன்தான் பேசுகிறான். படத்தின் கதையை மறந்தவர்களும் அந்த வரியை மறக்கவில்லை. ஆனால் எந்தத் தேவையும் இல்லாமல், காட்சிக் கடைசியில் கடமைக்குச் சிரிக்க வைக்கப்பட்ட வீரப்பாக்களும் உண்டு. அவற்றுக்காக மாமாவாலும் வாதாட முடியாது.

மிகையைப் பற்றி இவ்வளவுதான் நான் எழுதியிருப்பேன், எங்கள் வாழ்க்கை சோனகத் தெருவிலேயே முடிந்திருந்தால்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட கதை இந்த வாசகர்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் குடியேறினோம். அங்கும் டெக் வந்தது, அங்கும் பாய் விரித்தோம். ‘ரோஜா’வை (1992) அப்படித்தான் பார்த்தேன். காஷ்மீரத் தீவிரவாதி லியாக்கத்தாக பங்கஜ் கபூர். கத்தவில்லை, உருட்டவில்லை. தாழ்ந்த குரல், களைத்த கண்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் தேடிக்கொண்டிருந்த நடிப்பு இதுதான் என்று நினைத்தேன். கொடி எரிகிற காட்சி வந்தது. கதாநாயகன் நெருப்பின் மேல் விழுந்து புரள்கிறான். லியாக்கத் தொழுதுகொண்டிருக்கிறான்.

மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

கொட்டிலுக்குப் பின்னால் நின்றவரிடம் போய், நடிப்பைப் பற்றித்தான் பேசினேன். வேறு எதைப் பற்றியும் பேச எனக்குத் தைரியம் இருக்கவில்லை. “நல்லாத்தானே செய்றான் மாமா, கொஞ்சமும் மிகையில்லையே” என்றேன்.

“அதுதான்டா பயமாக் கிடக்கு. வீரப்பா சிரிச்சா, இது வீரப்பா எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கு ஊரில்ல, சாதியில்ல, பள்ளிவாசலில்ல. இவனப் பாத்தா ஆர் ஞாபகம் வரும்? நாளைக்கு நீ தொப்பியோட கொழும்பு பஸ்ஸில ஏறினா, பக்கத்து சீற்றுக்காரனுக்கு ஆர் ஞாபகம் வரும்?”

அன்றைக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த லியாக்கத் கடைசியில் கைதியை விட்டுவிடுகிறானே, மனசு மாறுகிறானே, வீரப்பாவின் கருணாகரனுக்கு மனசு என்று ஒன்றிருந்ததா என்று கேட்டேன். அடக்கமான நடிப்பு மனிதனுக்குத் திரும்பிவர ஒரு கதவை வைக்கிறது, மிகை அந்தக் கதவை அடைத்துவிடுகிறது என்று ஏதோ சொன்னேன். இப்போதும் அது பிழையென்று நினைக்கவில்லை.

மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். ஊரை விட்டு வரும்போது சோதனை நடந்த இடத்தில் ஒரு பொடியன் நின்றானாம். நயினாதீவுத் திருவிழாவில் தங்கச்சிக்கென்று மாமாவிடம் காப்பு வாங்கியவன். மாமி காதில் கிடந்ததையும் கழற்றி வாங்கினான். பிறகு மாமாவின் கையைப் பார்த்தான்.

“‘நானா, மணிக்கூட்டையும் வையுங்கோ’ எண்டான். அவ்வளவுதான். சத்தம் போடேல்ல, சிரிக்கேல்ல. கடையில காப்புக்கு விலை கேட்ட அதே குரல்.” கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “ஒருக்கா சிரிச்சிருந்தானெண்டா எனக்கு லேசாயிருந்திருக்கும்.”

மாமா 2007இல் புத்தளத்தில் மௌத்தானார். நயினாதீவை அவர் திரும்பப் பார்க்கவில்லை. அவருடைய பெட்டிகளில் ஒன்று இப்போதும் என் வீட்டில் இருக்கிறது, உள்ளே காப்பு இல்லை.

அதற்குப் பிறகு வந்த தொப்பி வைத்த வில்லன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘துப்பாக்கி’ (2012), ‘விஸ்வரூபம்’ (2013). எதிர்ப்புகள், தடைகள், சமரசங்கள் எல்லாம் நடந்தன. அவை பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நடிப்பின் அளவைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை என்பது என் குறை. எவ்வளவு தாழ்வாகப் பேசுகிறானோ அவ்வளவு நிஜம் என்று நம்பப் பழகிவிட்டோம். அந்த நம்பிக்கையை எங்களுக்குக் கற்றுத் தந்தவர்களில் நல்ல நடிகர்கள்தான் அதிகம். ‘பாட்ஷா’வில் ரகுவரனைப் பார்த்துச் சொக்கிப்போனவன் நான். அவருடைய மார்க் ஆண்டனி குரலை அடக்கி அடக்கி ஆளைக் கொன்றார். அந்தப் பெயரையே தலைப்பாக்கிக்கொண்ட படத்தில்தான் இப்போது எஸ்.ஜே. சூர்யா தொண்டை கிழியக் கத்துகிறார். வீரப்பாவைப் போல அவரும் யாருக்கும் உறவில்லாத வில்லன். அந்தக் கத்தலைக் கேட்டு எந்தப் பஸ்ஸிலும் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. என் மகன் சொன்னதில் பாதியையாவது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதை அவனிடம் சொல்லவில்லை. “வீரப்பா எண்டு ஒருத்தர் இருந்தார், தேடிப் பார்” என்றேன்.

கோபுரம் தெரியத் தொடங்கியிருந்தது. இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்துவிட்டான். கறுப்பு வெள்ளையில், மீசையும் தலைப்பாகையுமாக, அந்தச் சிரிப்பு இயந்திரச் சத்தத்துக்கு மேலே எழுந்தது. அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்திருந்த இரண்டு பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். படகின் மறு முனையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி ஒரு முதியவர் இருந்தார். திரும்பாமலே சொன்னார்:

“வீரப்பா.”