குருகின் கால்

குறுந்தொகையைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குப் பயிற்றுவித்து வருகின்றோம். அதன் இருபத்தைந்தாம் பாடல் கபிலருடையது. தலைவனும் தலைவியும் கூடிய வேளையில் அருகில் வேறு எவரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனை நோக்கி நின்ற குருகு ஒன்றே இருந்தது என்பது அதன் செய்தி. குருகின் கால், தினையின் தாள்போல் பசியது என்றும் புலவர் சொல்கின்றார். 'குருகாவது வெள்ளைக் கொக்கு' என்று உரைத்துவிட்டு அப்பால் செல்வது நம் வழக்கம்.

ஒருநாள் இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வெள்ளைக் கொக்கின் கால் கறுப்பல்லவா?" என்றார். வகுப்பு சிரித்தது. நாம் சினந்து அவரை அமரச் செய்தோம். அறியாமையை மறைக்க வந்த சினம் அது.

அடுத்த ஞாயிறு வைகறையில் ஊரை அடுத்த குளத்திற்குச் சென்றோம். கையில் சாலிம் அலியின் பறவை நூல். 1941-இல் முதற்பதிப்புக் கண்ட நூல், நம் நூலகத்தில் தூசு படிந்து கிடந்தது. அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் விட்டபாடில்லை.

கார்த்திகையில் தாமிரபரணிக் கால்வாய் நீரும் மழைநீரும் சேர்ந்து குளம் மறுகால் பாயும். முக்குளிப்பான் நம் கண்முன்னே மூழ்கி, எதிர்பாராத இடத்தில் தலைநீட்டும். மார்கழி, தையில் வடபுலத்திலிருந்து ஊசிவால் வாத்துகள் வரும். நாங்குநேரியை அடுத்த கூந்தன்குளத்திற்கு, இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருவதும் இக்காலத்தேதான். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற அவ்வூரில், பறவைகள் அஞ்சும் என்று மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. தாமரையிலைமேல் நடக்கும் இலைக்கோழியுள் அடைகாப்பது ஆண்பறவையே என்றறிந்து வியந்தோம். (இல்லத்தரசியிடம் கூறியபோது அவர் வியக்கவில்லை, சிரித்தார்.) வைகாசியில் குளம் வறண்டு மாடுகள் மேயும், ஆள்காட்டி மட்டும் கத்திக்கொண்டிருக்கும்.

பங்குனியில் நீர் சுருங்கும்போதுதான் மடையானை நன்கு கண்டோம். மண்நிறத்துடன் மடையோரம் குந்தியிருந்தது. கால் பசுமை! அரைமணி நேரம் அசையவில்லை. பின்னால் வண்டிகள் சென்றன, பெண்கள் பேசிச் சென்றனர். அது திரும்பவில்லை, அதன் கண் நீரிலேயே இருந்தது. திடீரெனப் பறந்தபோது சிறகு முழுதும் வெண்மை.

கபிலர் கண்டது மடையானே என்று அறுதியிட மாட்டோம். ஆயினும், இருந்த ஒரே சான்றும் மீனையன்றி வேறொன்றும் பாராத சான்று என்னும் தலைவியின் துயரம் அன்றுதான் நமக்கு விளங்கிற்று. அதுவரை நாம் அப்பாடலை நடத்தியது சொற்பொருள் அளவிலேயே.

அம்மாணவர் அதற்குள் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். எங்கிருக்கிறார் என்பது தெரியவில்லை. இம்மலர் அவர் கைக்குக் கிட்டுமாயின் ஒரு சொல்: தம்பி, உம் வினா சரியானதே. நாம்தான் குளத்தைப் பாராமல் பாடம் நடத்தினோம்.